கலையும் அரசியலும் ஒரே இதழில் வைக்கலாமா? முதல் இதழுக்கே எங்களுக்குள் சண்டை

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். நாங்கள் மூன்று பேர் மதுரையிலிருந்து ஒரு காலாண்டிதழ் கொண்டுவர ஒன்றரை வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். 64 பக்கம், டெமி அளவு, முதலில் 300 பிரதி. கதை, கவிதை, மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. இரண்டாமவன் சிற்பம் படித்தவன். மூன்றாமவன் தொழிற்சங்க வேலையில் இருக்கிறான், கட்டுரைகள் அவன் பார்த்துக்கொள்வான்.

பேசும்போதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முதல் இதழுக்கு என்ன போடுவது என்று உட்கார்ந்ததும் தகராறு வந்துவிட்டது. சிற்பி நண்பனுக்குப் புதுமண்டபத்துத் தூண்களைப் பற்றி எழுத ஆசை. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். தூண்களில் நாயக்க மன்னர்கள் ஆளுயரத்துக்கு நிற்பார்கள். தொழிற்சங்க நண்பன் சொல்கிறான்: "அந்த மண்டபத்துக்குள் தலைமுறை தலைமுறையாகத் தையல் மெஷின் போட்டிருந்தவர்களையும் புத்தகக் கடைக்காரர்களையும் சீரமைப்புக்காகக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்களே, அதைப் பற்றி எழுதாமல் தூணைப் பற்றி மட்டும் எப்படி எழுதுவாய்?" சிற்பி நண்பன் கேட்கிறான்: "அதைச் செய்தித்தாள் எழுதாதா? பத்து வருடம் கழித்து அதை யார் படிப்பார்கள்?"

நான் நடுவில் நிற்கிறேன். கலைக்கு இத்தனை பக்கம், அரசியலுக்கு இத்தனை பக்கம் என்று பிரித்துக் கொடுத்துவிடலாமா? அல்லது ஒன்றை விட்டுவிட வேண்டுமா? ஓவியங்களை எப்படிப் பயன்படுத்துவது, பதிவு செய்யத்தான் வேண்டுமா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இணையத்தில் மட்டும் நடத்தும் யோசனை எங்களுக்கு இல்லை, அச்சுதான்.

---

கூர்வாசிப்பு எழுதியது:

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் என் பதில்.

சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழை 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ் கொண்டுவந்தார். அதில் அவர் கவனம் விமர்சனத்திலும் புதுக்கவிதையிலும்தான் இருந்தது. அவர் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர், அரசியல் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் இதழ் ஒரு வேலையைச் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். இன்றைக்குத் தமிழில் புதுக்கவிதை தலைநிமிர்ந்து நிற்கிறது என்றால் அந்தப் பிடிவாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

'மணிக்கொடி'யையும் பாருங்கள். 1933-ல் கு. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் மூவரும் அரசியல் வார இதழாகத்தான் தொடங்கினார்கள். 1935-ல் பி.எஸ். ராமையா கையில் சிறுகதை இதழாக மாறிய பிறகு வந்தவற்றுக்காகத்தான் இன்று பலருக்கும் அந்தப் பெயர் நினைவிருக்கிறது. அரசியல் பகுதியை ஆய்வாளர்கள் தவிர யார் தேடிப் படிக்கிறார்கள்?

300 பிரதி போடும் இதழில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வைத்தால் எதுவும் வேர் பிடிக்காது. உங்கள் சிற்பி நண்பர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

---

லினோகட்டை எழுதியது:

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன் அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியோடு நான் ஐந்து வருடம் வாழ்ந்திருக்கிறேன்.

நான் செய்யாறு பக்கம் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 1993 முதல் 1998 வரை நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு காலாண்டிதழ் நடத்தினோம். மொத்தம் 17 இதழ். உங்களைப் போலவே ஒருவர் கவிதை, ஒருவர் அரசியல், நான் படம். பக்கத்தைப் பிரித்துக்கொள்ளும் யோசனை எங்களுக்கும் வந்தது. கவிதைக்கு 16, கட்டுரைக்கு 24, மிச்சம் கதைக்கு. படத்துக்கு என்று பக்கமே ஒதுக்கவில்லை. கவிதை முடிந்து கீழே இடம் மிச்சமிருந்தால் அங்கே ஒரு படம். இத்தனைக்கும் முடிவெடுத்த மூவரில் ஒருவன் ஓவியன். பெண்ணைப் பற்றிய கவிதை என்றால் ஒரு பெண் முகம், மழை என்றால் நாலு கோடு. முதல் நான்கு இதழையும் இன்று எடுத்துப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

அச்சு எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், இது படத்தோடு சம்பந்தப்பட்டது. எங்கள் ஊரில் காலால் மிதித்து ஓட்டும் ஒரு டிரெடில் பிரஸ்தான். கையால் எழுத்துக் கோக்க வேண்டும். நான்கு பக்கம் கோத்தால் கேஸில், அதாவது ஈய எழுத்துப் பெட்டியில், 'க'வும் 'து'வும் தீர்ந்துவிடும். அதை அச்சடித்து, எழுத்தைப் பிரித்து மறுபடி கேஸில் போட்ட பிறகுதான் அடுத்த நான்கு பக்கம். 48 பக்க இதழுக்கு ஐந்து வாரம் ஆகும். புகைப்படம் போட வேண்டுமென்றால் புள்ளி பிளாக் (படத்தைப் புள்ளிகளாக்கிய உலோகத் தகடு) வெளியூரில் செய்து வர வேண்டும். விலை அதிகம், எங்கள் காகிதத்தில் அது சேறு பூசிய மாதிரி விழும். கோட்டுப்படத்துக்கான பிளாக் மலிவு, சுத்தமாகவும் விழும். ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள் சிற்றிதழ்களில் அவ்வளவு கம்பீரமாக நின்றதற்கு முதல் காரணம் அவர் கை. கோடு எந்த எளிய பிரஸ்ஸிலும் உயிரோடு அச்சாகும் என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு அந்தக் காசும் இல்லாததால் நான் லினோ வெட்டினேன். தரைக்குப் போடும் லினோலியத்தில் மிச்சம் மீதி வாங்கி, மரக்கட்டையில் ஒட்டி, உளியால் செதுக்குவது. கட்டையின் உயரம் ஈய எழுத்தின் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். அச்சுக் கோப்பவர் கண்ணை மூடி விரலால் தடவியே சொல்லுவார், "சார், ஒரு காகிதம் குறையுது." அடியில் ஒரு காகிதம் ஒட்டினால் சரியாகிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாவது இதழில் அரசியல் நண்பர் கூத்தைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதினார். 'தெருக்கூத்து: அழிந்துவரும் மக்கள் கலை' என்று தலைப்பு. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் யார் பணம் கொடுக்கிறார்கள், யார் எங்கே உட்கார்கிறார்கள், சினிமா வந்து கூலி எப்படி விழுந்தது என்றெல்லாம் எழுதியிருந்தார். உழைத்து எழுதிய கட்டுரை. அதற்கு நான் ஒரு ராஜா வேஷத்தை லினோவில் வெட்டினேன். கிரீடம், தோளில் கட்டும் மரப் புஜக்கட்டை, கையில் கத்தி. அரைப் பக்கம்.

இதழ் வந்து மூன்று வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் டிவிஎஸ் 50-யில் வந்து இறங்கினார். 14 கிலோமீட்டர் தள்ளி உள்ள ஊரில் ஜமா, அதாவது கூத்துக் குழு, வைத்திருக்கும் வாத்தியார். துண்டுக்குள் எங்கள் இதழைச் சுருட்டி வைத்திருந்தார். அவர் மகள் படித்துக் காட்டினாளாம். திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, இதழைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"அழிஞ்சிக்கிட்டு வருதுன்னு போட்டிருக்கீங்க. பங்குனியில ஆரம்பிச்சா ஆடி வரைக்கும் எனக்கு ஒரு ராத்திரி ஒழிவு கிடையாது. யாரைக் கேட்டு எழுதினீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். "தெருக்கூத்துன்னு ஏன் போட்டீங்க? தெருவுல நிக்கிறவன், தெருவுல திரியறவன்னு சொல்ற மாதிரி இருக்குது. நாங்க கட்டை கட்டி ஆடுறவங்க. கட்டைக்கூத்துன்னு போடணும்."

பிறகு என் படத்தைக் காட்டினார். "இது எந்த ஊரு ராஜா சார்? இடது கையில கத்தி புடிச்சிருக்கான்."

லினோவில் வெட்டினால் அச்சில் வலம் இடமாக விழும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. ராஜாவின் கையை அப்படியே வெட்டிவிட்டிருந்தேன். அதைவிட எனக்கு வலித்தது வேறு. அவர் இன்னொன்றும் சொன்னார்: முகத்தில் நான் போட்டிருந்த கோடு அந்தக் கிரீடத்துக்குரிய வேஷத்தின் கோடு இல்லை. சின்ன வயதிலிருந்து விடிய விடியக் கூத்துப் பார்த்தவன் நான். பார்த்தேனே தவிர, ஒருநாளும் கேட்டதில்லை.

ஆறாவது இதழில் அவருக்கு 11 பக்கம் கொடுத்தோம். பேட்டி என்று கேள்வி பதில் போடவில்லை. அதே திண்ணையில் இரண்டு ஞாயிறு அவர் பேசியதை 90 நிமிட கேசட் இரண்டில் பதிவு செய்து, அவர் பேச்சாகவே எழுதினோம். எழுதியதை அவரிடம் போய் முழுக்கப் படித்துக் காட்டினோம். ஏழு இடத்தில் திருத்தினார். ஓர் இடத்தில் "இதை எடுத்திடுங்க, அந்த ஊர்ல நாளைக்கு நான் ஆடப் போகணும்" என்றார். எடுத்துவிட்டோம்.

அந்த 11 பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு ராத்திரிக் கூலியை ஜமாவுக்குள் எப்படிப் பங்கு பிரிப்பார்கள், மத்தளக்காரருக்கு எவ்வளவு, முகவீணைக்கு எவ்வளவு, பெண் வேஷம் கட்டும் பையனுக்கு ஏன் அரைப் பங்கு. எந்த ஊரில் இலை போட்டுச் சாப்பாடு, எந்த ஊரில் சாப்பாட்டைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். கோமாளியாக வரும் கட்டியங்காரன் மட்டும் ஊர்ப் பெரியவரை மேடையில் கேலி பேசலாம், அதே ஆள் வேஷம் கலைத்த பிறகு அதே பெரியவர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நடுநடுவே கர்ண மோட்சத்தில் கர்ணன் சாகும் இடத்தில் அடவு எப்படித் தளர வேண்டும், மத்தளம் எங்கே நிற்க வேண்டும் என்று தொடையில் தட்டிக் காட்டினார். தட்டியதைக்கூடக் கவிதை நண்பர் அசை பிரித்து எழுத்தில் கொண்டுவந்தார்.

அரசியல் நண்பர் மெய்ப்புப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அவர் ஒன்பது பக்கத்தில் சொன்னது பெரும்பாலும் அதில் இருந்தது. ஆனால் தொகையோடும், ஊரோடும், சாப்பாட்டு இலையோடும் இருந்தது. எனக்கு வேண்டிய கலையும் அங்கேயே இருந்தது. அந்த இதழில் கலைக்கு எத்தனை பக்கம், அரசியலுக்கு எத்தனை பக்கம் என்று யாராவது கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு நாங்கள் பக்கம் பிரிக்கவே இல்லை.

அந்த ஓர் இதழ்தான் தீர்ந்துபோய் இரண்டாம் முறை 200 பிரதி அச்சடித்தோம். எழுத்தைப் பிரித்துவிட்டிருந்ததால் முதலிலிருந்து மறுபடி கோத்தார்கள். வாத்தியார் 40 பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

பெயரைப் பற்றிய விவாதம் மூன்று இதழ் ஓடியது. 'தெரு' என்பது இழிவில்லை, கோயில் மதிலுக்கு வெளியே எல்லோரும் பார்க்க நின்ற கலை என்பதற்கு அது சாட்சி என்று ஒரு வாசகர் எழுதினார். காஞ்சிபுரத்தில் 1990-ல் தொடங்கிய சங்கம் கட்டைக்கூத்து என்ற பெயரைத்தான் வைத்துக்கொண்டது. புரிசை கிராமத்துக் கூத்துக்காரர்களோ இன்றும் தெருக்கூத்து என்றே பெருமையாகச் சொல்கிறார்கள். 'கசடதபற' சிற்றிதழ்க் குழுவில் இருந்த ந. முத்துசாமி புரிசைத் தம்பிரான்களின் கூத்தைப் பார்த்து எழுதத் தொடங்கியதும், கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு பிறந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரும் தெருக்கூத்து என்ற பெயரில்தான் எழுதினார். எது சரி என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. வாத்தியார் பேச்சில் கட்டைக்கூத்து, மற்றவர் கடிதத்தில் அவரவர் சொல். ஒரு சொல்லை வைத்து நடந்த அந்தச் சண்டை கலையைப் பற்றியதா, அரசியலைப் பற்றியதா, நீங்களே சொல்லுங்கள்.

நண்பர் கூர்வாசிப்பு சொன்னதற்கு வருகிறேன். 'எழுத்து' மேல் எனக்கும் பக்தி உண்டு. அரசியல் எழுத்து சீக்கிரம் பழசாகிவிடும் என்ற பயமும் பாதி உண்மை. 1996 தேர்தலுக்கு நாங்கள் ஒரு சிறப்பிதழ் போட்டோம். கூட்டணிகளைப் பற்றி அதில் வந்த இரண்டு கட்டுரைகளை இப்போது என்னாலேயே படிக்க முடியவில்லை. ஆனால் அதே இதழில் சுவர் விளம்பரம் எழுதும் ஓவியர் ஒருவர் பேசியது இருந்தது. யார் முதலில் வெள்ளையடித்துச் சுவரைப் பிடிக்கிறார்கள், சுண்ணாம்பில் வச்சிரம் எவ்வளவு கலந்தால் மழைக்கு நிற்கும், காலையில் உதயசூரியன், மாலையில் இரட்டை இலை, இரண்டும் ஒரே தூரிகை, இரண்டு பக்கமும் பாக்கி. எந்தச் சின்னம் வரையக் கஷ்டம் என்று வரைந்தே காட்டியிருந்தார். அந்த ஆறு பக்கத்தை இன்றும் பிள்ளைகள் நகல் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். இரண்டுமே அரசியல்தான். தூரத்திலிருந்து கேள்விப்பட்டு எழுதியது உதிர்ந்துவிட்டது. கையில் சுண்ணாம்போடு நின்றவர் பேசியது நிற்கிறது.

அதனால் உங்கள் இரண்டு நண்பர்களுக்கும் சொல்லுங்கள். தூணும் வேண்டாம், சத்திரமும் வேண்டாம். அந்த மண்டபத்துக்குள் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரைத் தேடிப் போங்கள். அவர் முதுகு பல வருடம் அந்தத் தூணில்தான் சாய்ந்திருக்கும்.

படத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. ஓவியருக்கு மிச்ச இடத்தைக் கொடுக்காதீர்கள். முழுப் பக்கம் கொடுங்கள், கீழே அவர் பெயரைப் போடுங்கள், 300 ரூபாயானாலும் கையில் கொடுங்கள். கவிதைக்குப் படம் வரையச் சொல்லாதீர்கள். ஏதாவது ஓர் இடத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே வரையச் சொல்லுங்கள்.

---

வடலிநிழல் எழுதியது:

லினோகட்டை ஐயா எழுதினதை இரண்டு தரம் வாசித்தேன். எங்கட பக்கத்துக் கதை ஒன்றும் சொல்ல வேணும் போல கிடக்கு.

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 1966-ல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். முடிதிருத்தும் தொழில் செய்தவர். சாதி ஒடுக்குமுறையைத் தன்ர உடம்பில் அனுபவிச்சு எழுதினவர். சஞ்சிகையைத் தானே கையில் கொண்டு திரிஞ்சு விற்றார். என்ர தகப்பனார் அவரிட்ட நேரே வாங்கினவர். அந்த இதழ்களின்ர அட்டையில் எழுத்தாளர், கலைஞர் முகங்கள் வரும். எங்கட ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருக்கிற ஒரு மனிசன்ர முகம் ஒரு சஞ்சிகையின்ர அட்டையில் வரலாம் எண்டதே அந்தக் காலத்தில் பெரிய விசயம். அரசியலைப் பற்றித் தலையங்கம் எழுதித்தான் அரசியல் செய்ய வேணும் எண்டில்லை. யாரின்ர முகத்தை அட்டையில் போடுறீங்கள் எண்டதிலேயே அது இருக்கு.

'மல்லிகை' 2012 வரை வந்தது. பழைய இதழ்கள் நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கு. உங்கட மூண்டு பேரும் ஒரு கிழமை இருந்து அட்டைகளை மட்டுமாவது பாருங்கோ.

---

ஃபாரம்16 எழுதியது:

பதிவு பற்றி யாரும் சொல்லவில்லையே. சுருக்கமாகச் சொல்கிறேன்.

1867-ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் புத்தகப் பதிவுச் சட்டம் இப்போது இல்லை. பத்திரிகைகள் மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2023 என்ற புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முன்பு போல மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைந்து உறுதிமொழி கொடுக்க வேண்டியதில்லை. தலைப்புக்கும் பதிவுக்கும் சேர்த்து பிரஸ் சேவா என்ற அரசு இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். தலைப்புக்கு நான்கைந்து பெயர் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே யாரோ வைத்திருக்கும் பெயர் கிடைக்காது.

குறிப்பிட்ட இடைவெளியில் அச்சாகி, பொதுச் செய்தியோ அதன் மீதான கருத்தோ வந்தால் அது பருவ இதழ் என்பது சட்டத்தின் விளக்கம். அரசியல் கட்டுரை போடும் காலாண்டிதழ் இதற்குள் வந்துவிடும். பழைய சிற்றிதழ்களில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள். பதிவில்லாமல் வெளியிட்டால் அபராதம் ஐந்து லட்சம் வரை போகலாம்.

அச்சுக்கு: 300 பிரதி என்றால் ஆஃப்செட், டிஜிட்டல் இரண்டுக்கும் விலை கேளுங்கள், இந்த எண்ணிக்கையில் டிஜிட்டல் பெரும்பாலும் மலிவாக வரும். 64 பக்கம் என்றால் 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிபடும் தொகுதி) நான்கு. 66 ஆக்கிவிடாதீர்கள், இரண்டு பக்கத்துக்காகக் காகிதமும் கூலியும் கூடும். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ காகிதம் போதும். ஓவியப் பக்கம் அடர்ந்த கறுப்பாக இருந்தால் பின்பக்கம் தெரியும், அந்தத் தாளின் பின்பக்கத்தை வெறுமையாக விடுங்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கூர்வாசிப்பு, நீங்கள் சொன்னதை என் சிற்பி நண்பன் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டான். லினோகட்டை சார் எழுதியதை மூன்று பேரும் சேர்ந்து சத்தமாக வாசித்தோம். "இடது கையில கத்தி" என்ற இடத்தில் சிற்பி நண்பன் எழுந்து வெளியே போய்விட்டான். திரும்பி வந்து, "நான் இத்தனை வருடமாகத் தூணைத்தான் பார்த்திருக்கிறேன், அதன் அடியில் உட்கார்ந்திருந்தவர் முகம் ஒன்றுகூட ஞாபகம் இல்லை" என்றான்.

நேற்று மூவருமாகக் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனோம். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் கட்டுபவர்களுக்குச் சல்லடம் என்ற அரைக்கால் சட்டையும் உருமால் என்ற தலைத்துணியும் தைக்கும் ஒரு பெரியவர் கிடைத்தார். அப்பா காலத்திலிருந்து புதுமண்டபத்தில் இருந்தவர். முதலில் பேசவே இல்லை. "எழுதுறதுக்கு என்ன இருக்கு, துணி தைக்கிறேன்" என்றார். தொழிற்சங்க நண்பன் இடமாற்றத்தைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறிவிட்டது, மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டார். அப்புறம் நான் சரிகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார்.

சார், மூன்று சந்தேகம். அவர் பேசும் மதுரைத் தமிழை அப்படியே எழுதலாமா, திருத்த வேண்டுமா? இடமாற்றம் பற்றி அவர் சொல்லவே மாட்டேன் என்றால் விட்டுவிடுவதா? சிற்பி நண்பன் படம் வரைய வருகிறேன் என்கிறான், முதல் நாளே கூட்டிக்கொண்டு போகலாமா?

---

லினோகட்டை எழுதியது:

சரிகையைப் பற்றிக் கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. மனது நிறைந்துவிட்டது.

பேச்சை அப்படியே எழுதுங்கள். ஆனால் ஒரு கவனம் வேண்டும். அவர் "வந்துருச்சு" என்றால் அப்படியே இருக்கட்டும். அதற்காக ஒவ்வொரு எழுத்தையும் உடைத்து, படிக்கிறவர் தடுமாறும்படி எழுதாதீர்கள். எங்கள் முதல் பிரதியில் அப்படித்தான் செய்திருந்தோம். வாத்தியாரிடம் படித்துக் காட்டியபோது, "நான் இவ்வளவு கொச்சையாவா பேசறேன்?" என்று கேட்டார். அவர் மனதில் பட்ட அந்த அடி எங்களுக்குப் புரிந்தது. தொழில் சொற்களில் மட்டும் கை வைக்கவே கூடாது. துணியின் அளவுக்கு, தையலுக்கு, குஞ்சத்துக்கு அவர் என்ன பெயர் சொல்கிறாரோ அதேதான். அடிக்குறிப்பும் வேண்டாம், இரண்டு பத்தி தள்ளி அவரே விளக்கியிருப்பார்.

இடமாற்றத்தைப் பற்றிக் கேட்டு நச்சரிக்க வேண்டாம். பழைய இடத்தில் மெஷினுக்கு வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழும், இங்கே எந்தப் பக்கம் என்று கேளுங்கள். திருவிழாவுக்கு வருகிறவர்கள் புது இடத்தை எப்படிக் கண்டுபிடித்து வந்தார்கள் என்று கேளுங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்வார். சொல்லாவிட்டால் அவர் சொல்லவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு விட்டுவிடுங்கள். அந்த இடத்தில்தான் நாளைக்கும் அவர் கடை திறக்க வேண்டும்.

நண்பரை முதல் நாள் அழைத்துப் போங்கள், ஆனால் பென்சில் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டாம் நாள் வரையட்டும். லினோ வெட்டுகிறார் என்றால், பெரியவர் கத்தரிக்கோலை எந்தக் கையில் பிடிக்கிறார் என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.